பை என்ன குற்றம் செய்தது?

"அடி எறங்கிருச்சுன்னா பையை எடுத்துப் போட்டரலாமுங். ஒண்ணுக்கு அடங்காததும் அதோட சரியாப் போயிருமுங்."

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் இந்த வாக்கியம் எப்படியும் வந்து விழுந்துவிடும். சொல்பவர் சில சமயம் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட நாத்தனார். சில சமயம் ஊர் நர்ஸம்மா. சில சமயம், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், மருத்துவரே. மகனும் மருமகளும் தலையாட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய பெண்மணி மட்டும் தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பார். கருப்பை இறங்கியதுதான் நோய், மூத்திர அவசரம் அந்த நோயின் வால், பையை வெட்டினால் வாலும் போய்விடும் என்பது இதன் கணக்கு. கணக்கு சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் தப்பு.

அறுவை சிகிச்சையே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. இரண்டு அங்குலம் வெளியே தொங்கி, நடக்கும்போது உராய்ந்து புண்ணாகிப்போன கருப்பையோடு அறுபத்தைந்து வயதில் தவிக்கும் பெண்ணுக்கு அறுவை ஒரு விடுதலை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. நான் மறுப்பது, அந்த அறுவைக்கு முன்னால் யாரும் எதையும் கேட்காமல், எதையும் அளக்காமல், 'எல்லாம் அதோட சரியாப் போயிரும்' என்று கொடுக்கிற வாக்குறுதியைத்தான்.

அன்னூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிப் பால் கறந்து, சோளத்தட்டுக் கட்டைத் தலையில் தூக்கி, மோட்டார் ரூமுக்கும் வாசலுக்குமாக நடந்தே வாழ்ந்தவர். ஆபரேஷனுக்கு முந்திய சில வருடங்களை அவர் இப்படித்தான் சொன்னார்: "மொளகாய் ஆயறப்ப வந்துச்சுன்னா, கூடையக் கீழ வெக்கறதுக்குள்ள போயிருமுங் கண்ணு. கையால உள்ள தள்ளி விட்டாத்தான் முழுசாப் போகும். இல்லீன்னா சொட்டுச் சொட்டா நின்னு போயிரும். அப்பறம் கா மணி நேரத்துல மறுக்கா வந்துரும்." கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போவதென்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். மண்டபத்தில் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது மணமேடையை அல்ல, கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதை. அடர் நிறச் சேலைதான் கட்டுவார். மடித்த பழைய வேட்டித் துணி கைப்பையில் எப்போதும் இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பையை எடுத்தார்கள். இறங்கி நின்றது போய்விட்டது, உண்மை. அவசரம் போகவில்லை. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "அதான் எடுத்தாச்சேம்மா, இனி வயசானா வர்றதுதான்" என்று பதில் கிடைத்தது. என்னைக் கோபப்படுத்தியது அந்தப் பதில்கூட இல்லை. அறுவைக்கு முன்னால் அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார், ராத்திரி எத்தனை தடவை எழுகிறார், போன பிறகு மூத்திரப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அவருடைய கோப்பில் ஒரு வரிகூட இல்லை. முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாதபோது, பின்னால் குறைந்ததா கூடியதா என்று யாரால் சொல்ல முடியும்?

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தசையும் நாரும் சேர்ந்து ஒரு தளமாக நிற்கின்றன. முன்னால் மூத்திரப்பை, நடுவில் கருப்பை, பின்னால் மலக்குடல். மூன்றும் அந்தத் தளத்தின்மேல்தான் இருக்கின்றன. பிரசவத்தில் அந்தத் தசை இழுபடுகிறது, சில சமயம் எலும்போடு ஒட்டிய இடத்திலிருந்தே கிழிகிறது. பிறகு வருடக்கணக்கில் சுமை தூக்குவது, முக்கி மலம் கழிப்பது, தீராத இருமல், உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவது எல்லாம் சேர்ந்து தளம் தொய்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு தொய்ந்தால் படுத்திருப்பவர் தரையைத் தொடுவார். அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால் கட்டில் நிமிர்ந்துவிடுமா? கருப்பை அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் ஆள். தொய்ந்த கயிற்றை இழுத்துக் கட்டாமல் ஆளை மட்டும் அகற்றினால், அடுத்து மூத்திரப்பையோ, குடலோ, யோனியின் மேல்முனையோ அந்தப் பள்ளத்தில் வந்து உட்காரும். கருப்பையை எடுத்த பிறகும் இறக்கம் வருகிற பெண்கள் இருப்பது இதனால்தான். மேல்முனையை உள்ளே இருக்கும் உறுதியான நார்களோடு சேர்த்துக் கட்டுவதுதான் அறுவையின் உயிர்ப் பகுதி. எடுப்பது சுலபமான பகுதி.

மூத்திர அவசரத்தின் கதை இன்னும் நுட்பமானது. கருப்பை இறங்கிய பெண்களில் பலருக்கு உண்மையில் இறங்கி நிற்பது யோனியின் முன்சுவர். அதன்மேல் சாய்ந்திருக்கும் மூத்திரப்பையும் கூடவே சரிகிறது. ஆனால் மூத்திரக்குழாய் தன் இடத்தில் ஓரளவு கட்டுண்டு நிற்கிறது. பை கீழே, குழாய் மேலே என்றால் இரண்டும் சேரும் கழுத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. மூத்திரம் வெளியேறத் தடை. தடையை மீறித் தள்ளித் தள்ளி மூத்திரப்பைத் தசை எரிச்சலடைகிறது, பாதி நிறையும்போதே சுருங்கத் தொடங்குகிறது. இது ஒரு வழி. சரிந்த பையின் சுவர் இழுபட்டு, நிறையாதபோதே நிறைந்துவிட்டதாக மூளைக்குச் செய்தி அனுப்புவது இன்னொரு வழி. குழாயின் மேல்வாய் சற்றே திறந்து, அதில் இறங்கும் சில துளிகள் 'நேரமாகிவிட்டது' என்ற அனிச்சையைக் கிளப்புவது மூன்றாவது. கையால் உள்ளே தள்ளினால்தான் முழுசாகப் போகிறது என்று அந்தப் பெண்மணி சொன்னாரே, அது முதல் வழிக்கான சாட்சி. மருத்துவப் படிப்பு படிக்காத ஒருவர் தன் விரலால் நோயைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

இந்த மூன்று வழிகளில் எதிலும் கருப்பை குற்றவாளி இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்சுவர் நிமிர்ந்தால், மடிப்பு அவிழ்ந்தால் அவசரம் குறைய வாய்ப்பு உண்டு. கருப்பையை எடுத்தபோது பலருக்கு அவசரமும் குறைந்ததே என்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சாட்சி சொல்வது பொய்யில்லை. அதே அறுவையில் முன்சுவரையும் தைத்து மேலே ஏற்றியிருப்பார்கள். நன்மை செய்தது அந்தத் தையல். பெயர் வாங்கியது கருப்பையை எடுத்தது.

இறக்கமும் மூத்திர அவசரமும் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு விரிவான மறுஆய்வு 2010ல் வெளியானது. இறக்கம் உள்ள பெண்களிடம் அவசரத் தொல்லை மற்றவர்களைவிடக் கூடுதல் என்று அது உறுதிப்படுத்தியது. அறுவையோ யோனிக்குள் வைத்துத் தாங்கும் வளையமோ, எதனால் இறக்கத்தைச் சரிசெய்தாலும் பலருக்கு அவசரம் குறைகிறது என்றும் சொன்னது. நம் ஊர்க் கணக்கைக் கவிழ்க்கும் இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கும் எவ்வளவு அவசரம் என்பதற்கும் நேரான தொடர்பு தென்படவில்லை. வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியும் நிம்மதியாக ராத்திரி தூங்கும் பெண்கள் உண்டு. லேசாகச் சரிந்ததற்கே அரை மணிக்கொரு தரம் ஓடும் பெண்களும் உண்டு. ஆக, 'இவ்வளவு எறங்கிருக்குது, அதனாலதான்' என்பதும் அவசர முடிவு. 'கொஞ்சமாத்தானே எறங்கிருக்குது, அதனாலயா இருக்காது' என்பதும் அவசர முடிவு.

அவசரத்துக்கு வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. சர்க்கரை நோய். மூத்திரத் தொற்று. மாதவிடாய் நின்றபின் திசு வறண்டு மெலிவது. மலச்சிக்கல். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. இதில் எது யாருக்கு என்று பார்க்காமல் எல்லாப் பழியையும் கருப்பைமேல் போடுவது, ஊரில் என்ன களவு போனாலும் ஒரே ஆளைப் பிடித்துக் கட்டிவைக்கிற பழைய பஞ்சாயத்து நியாயம்.

எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, குழந்தை பெற்றாயிற்று, அந்தப் பை இனி எதற்கு என்பார்கள். கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு வலு அதிகம், ஏனென்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் இங்கே பழகிப்போன விஷயம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இரண்டாவது குழந்தையோடு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே 'வேலை முடிஞ்ச பை' ஆகிவிடுகிறது கருப்பை. வேலை முடிந்த மோட்டாரைக் கழற்றிப் போடுகிற மனநிலைதான் அப்புறம்.

ஆனால் குறைவதற்கு நிறைய இருக்கிறது. சுவீடனில் புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கருப்பை எடுக்கப்பட்ட 1,65,000க்கும் மேற்பட்ட பெண்களை நாடு தழுவிய பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்து, 2007ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இருமினாலோ தும்மினாலோ மூத்திரம் ஒழுகுவதைச் சரிசெய்ய அறுவை தேவைப்படும் வாய்ப்பு, கருப்பை எடுக்காத பெண்களைவிட அவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் கூடுதல். அது அவசரத் தொல்லை அல்ல, வேறு வகை ஒழுக்கு. ஆனாலும் மூத்திரத் தொல்லை தீரும் என்று நம்பிக் கையெழுத்துப் போடும் பெண்ணுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 'எடுக்கறதுதான் எடுக்கறோம்' என்று முட்டைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு ஒரே நாளில் முதுமை வந்துசேர்கிறது. எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மூத்திரப்பைக் கழுத்தில் விழுந்த மடிப்பு சில பெண்களுக்கு ஒழுக்கையே மறைத்துவைத்திருக்கும். அறுவையில் மடிப்பு நிமிர்ந்ததும், அதுவரை இருமினாலும் ஒழுகாதவருக்கு ஒழுகத் தொடங்கும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2006ல் வெளியானது. முன்பு இத்தகைய ஒழுக்கு இல்லாத 322 பெண்களுக்கு இறக்கத்தைத் தூக்கிக் கட்டினார்கள். ஒழுக்கைத் தடுக்கும் கூடுதல் தையல் போடாதவர்களில் 44 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் ஒழுக்கு தென்பட்டது. தையல் போட்டவர்களில் 24 சதவீதம். அறுவைக்கு முன்பே இறக்கத்தை உள்ளே தள்ளிப் பிடித்து இருமச் சொல்லிப் பார்த்தால் இதை ஓரளவு முன்கூட்டியே காணலாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

அறுவையே வேண்டும் என்றாலும், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இது இன்று வந்த புதுமை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் கருப்பையை எடுக்காமல் இறக்கத்தைச் சரிசெய்யத் தொடங்கியது 1888ல். பம்பாயில் வி.என். ஷிரோட்கரும் பி.என். புரந்தரேயும் கருப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கினார்கள். கருக்கலைவைத் தடுக்கும் தையலுக்காக உலகம் அறிந்த அதே ஷிரோட்கர்தான். இந்தியப் பெண்களுக்கு இளவயதிலேயே இறக்கம் வருவதால் அந்த முறைகள் இங்கே தேவைப்பட்டன. நெதர்லாந்தில் 208 பெண்களிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். கருப்பையை வைத்துக் கட்டுவது எடுப்பதைவிட மோசமாக இல்லை என்று 2015ல் முடிவு வந்தது. நம் நாட்டு மருத்துவர்கள் பாதை போட்டுக் கொடுத்த சிகிச்சை, நம் ஊர்ப் பெண்ணிடம் ஒரு தேர்வாகக்கூடச் சொல்லப்படாமல் போகிறது.

அப்படியானால் ஏன் இந்த வாக்கியம் இவ்வளவு செல்வாக்கோடு உலவுகிறது? கோவை ஒரு மருத்துவ நகரம். அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரிப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இங்கே சிறந்த அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறுவைக்கு ஒரு தேதி, ஒரு அறை, ஒரு பில் இருக்கிறது. 'தினமும் இப்படித் தசையைச் சுருக்கிப் பிடியுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு எந்தப் பில்லிலும் இடமில்லை. யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்பாடு போகிற திசையில் எல்லோரும் போகிறோம்.

ஏற்பாடு கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இருக்கிறது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருப்பதாக 2019ல் மாநில அரசு அமைத்த குழு கண்டது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கருப்பை எடுக்கப்பட்டது பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5ல் தீர்ப்பளித்தது. கொங்கு நாட்டில் அதே அநியாயம் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'எடுத்துட்டாப் போச்சு' என்ற வாக்கியம் அங்கேயும் இதே இனிமையோடுதான் சொல்லப்பட்டிருக்கும் என்று நினைவுபடுத்துகிறேன்.

நேபாளத்தின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. கருப்பை இறக்கம் பெண்களின் இனப்பெருக்க நல உரிமை சார்ந்த விஷயம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ல் தீர்ப்புச் சொன்னது. அரசு செயலில் இறங்கியது, எங்கே? அறுவை முகாம்களில். வராமல் தடுப்பதை விட்டுவிட்டு எடுப்பதிலேயே கவனம் போனது என்று 2014ல் ஆம்னஸ்டி அறிக்கை கண்டித்தது. இளம்பெண்களுக்குச் சீக்கிரமாகவே இறக்கம் வருவதும் அதை அவர்கள் சொல்லாமல் சுமந்துகொண்டு வேலை செய்வதும் நமக்கும் புதிதல்ல. செங்கல்பட்டு வட்டாரத்தில் ருவ்செக் என்ற பெண்கள் அமைப்பினர் கிராமத்துப் பெண்களிடமே உட்கார்ந்து கேட்டு 1990களில் அதை எழுதிவைத்தார்கள். கொங்கு நாட்டில் அப்படிக் கேட்டு எழுத இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். சோமனூர்த் தறிக்குடோனில் நிற்பவர், பொள்ளாச்சியில் தேங்காய் மட்டை சுமப்பவர், கோவை கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நிற்பவர். கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021ல் சட்டத்தைத் திருத்தியது. நல்லது. ஆனால் வந்தபோது ஒண்ணுக்குப் போய்வர மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்காமல் முடிகிறதா என்று ஒரு தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள்.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டம் உண்டு. அறுவை வேண்டாம், மாத்திரை போதும் என்பவர்கள். அவசரத்தை அடக்க எழுதித் தரும் பழைய வகை மாத்திரைகள் (ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனசின்) மூத்திரப்பைத் தசையின் துடிப்பைத் தணிப்பவை. வேலை செய்யும். கூடவே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் முக்க வேண்டும், முக்கினால் இறக்கம் கூடும். ஏற்கெனவே மூத்திரம் முழுசாகப் போகாதவருக்குக் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடும். வயதான பெண்களிடம் நீண்ட காலம் கொடுத்தால் நினைவாற்றலைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்கின்றன அண்மை ஆய்வுகள். மிராபெக்ரான் என்ற புதிய வகையில் இந்தத் தொல்லைகள் குறைவு, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று வயிற்றின்மேல் ஒரு ஸ்கேன் வைத்துப் பார்க்காமல் மாத்திரைச் சீட்டு எழுதுவதும் அதே கண்மூடி வைத்தியம்தான்.

'தண்ணியக் கொறச்சுக்கம்மா' என்பதும் அப்படியே. சித்திரை வெயிலில் தோட்டத்தில் நிற்கும் பெண்ணிடம் இதைச் சொல்பவர்கள் சிறுநீரகக் கல்லைப் பற்றி நினைத்துப் பார்ப்பதில்லை. நீர் குறைந்தால் மூத்திரம் அடர்ந்து பையை இன்னும் எரிக்கும், தொற்றுக்கு வழி விடும், மலச்சிக்கலைக் கூட்டும். குறைக்க வேண்டியது டீயை. மில்லில் ஷிஃப்டு முழுக்கத் தூக்கத்தை ஓட்ட அந்த டீதான் ஓடுகிறது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

சரி, என்னதான் வழி என்று கேட்பவர்களுக்கு, வழி பழையது, மலிவு, ஆனால் பொறுமை கேட்பது. முதலில் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: எப்போது போனார், எவ்வளவு போனது, எப்போது நனைந்தது. எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி கோடு போட்டுக் கொடுப்பாள். எத்தனையோ தடவை மகளிர் குழுக் கணக்கு நோட்டை எழுதியவர்கள்தானே இந்த ஊர்ப் பெண்கள். அப்புறம் மூத்திரப் பரிசோதனை, சர்க்கரை, போனபின் மிச்சம். அப்புறம் அடித்தளத் தசைப் பயிற்சி. பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் 447 பெண்களிடம் நடந்து 2014ல் லான்செட்டில் வந்த ஆய்வில், பதினாறு வாரத்தில் ஐந்து முறை பிசியோதெரபிஸ்டைப் பார்த்து அவரவர்க்கேற்ற பயிற்சி கற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இறக்கத்தின் தொல்லைகள் குறைந்திருந்தன. மூத்திரப்பையைப் பழக்குவது தனி: வந்ததும் ஓடாமல், நின்று, தசையைச் சுருக்கி, அலை தணிந்தபின் போவது, இடைவெளியைக் கால் மணி கால் மணியாக நீட்டுவது. மாதவிடாய் நின்றவர்களுக்கு மருத்துவர் பார்த்து யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம்.

அதன் பிறகு வளையம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு மெல்லிய சிலிகோன் வளையல், இரண்டு விரலால் மடித்தால் எட்டாக வளையும். மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. புறநோயாளிப் பிரிவு மேசையிலேயே அளவு பார்த்து உள்ளே வைத்து, எழுந்து நடக்கச் சொல்லி, இருமச் சொல்லி, மூத்திரம் போய்வரச் சொல்லிப் பார்ப்பார்கள். சரியான அளவு அமையாமல் நழுவிவிடுவதும் உண்டு, வெள்ளைப்படுதலும் புண்ணும் வருவதும் உண்டு, அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். குறையில்லாத சாதனம் என்று நான் விற்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வளையம் வைத்துச் சில வாரத்தில் அவசரம் குறைந்தால், முன்சுவர் சரிந்ததுதான் காரணம் என்று வலுவாக நம்பலாம். அறுவைக்குப் போனாலும் பலன் இருக்கும் என்று சொல்லி அனுப்பலாம். குறையவில்லை என்றால், கத்தி வைத்திருந்தாலும் குறைந்திருக்குமா என்று நின்று யோசிக்கலாம். எடுத்த கருப்பையைத் திரும்ப வைக்க முடியாது. வளையத்தைக் கழற்றிவிடலாம்.

கடைசியாக வரும் ஆட்சேபம் எனக்குத் தெரிந்ததுதான்: இதெல்லாம் படித்த டவுன்காரர்களுக்கு ஆகும், தோட்டத்துப் பொம்பளைகளுக்கு எங்கே திரும்பத் திரும்ப வர முடிகிறது, ஒரே வேலையாக முடித்துவிடுவதுதான் அவர்களுக்கு நல்லது என்பது. கருணை போலத் தோன்றும் இந்த வாதத்தில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. ஒரே வேலையாக முடிகிறதா என்ன? இறக்கத்துக்கோ ஒழுக்குக்கோ அறுவை செய்துகொண்ட பெண்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் மறுபடி அறுவைக்கு வந்தவர்கள் என்று 1997ல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். திரும்ப வர முடியாத பெண் என்று சொல்லி அறுத்து அனுப்பியவளைத்தான் அப்புறம் திரும்ப வரவைக்கிறோம்.

வர முடியாதவர்களிடம் போக ஆளில்லையா? இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண்கள் வீட்டுப்படி ஏறுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார், படுத்த படுக்கையானவரின் கைகாலை அசைக்கக் கற்றுத் தருகிறார். அதே வாசலில், அதே ஆள், அதே நோட்டில் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்: கீழே ஏதாவது இறங்குகிற மாதிரி இருக்குதுங்களா? ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதுங்களா? மாமியாரையும் மருமகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒருத்தர் முன்னால் இன்னொருத்தர் வாய் திறக்க மாட்டார்கள்.